உயிர் எங்கே தொடங்கியது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் திருவக்கரைக் கல்மரப் பூங்காவைப் பற்றி இப்பகுதியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்தும் கடலூர் மாவட்டத்திலிருந்தும் எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர் மரங்களை அங்கேயே விட்டுவிட்டு, மரங்களுக்கும் முந்தைய காலத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள்தாம் பூமியில் தோன்றிய ஆதி உயிர்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?
பதினோராம் வகுப்பு மாணவி, பாகூர்

பதில்: சரியில்லை. அந்த மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். அதாவது பூமியின் வயதில் இருநூறில் ஒரு பங்குகூட அவற்றுக்கு இல்லை. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலுக்குள் புதைந்து, திசுக்கள் இருந்த இடத்தில் சிலிக்கா படிந்து கல்லானவை அவை. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளரான சொன்னரா 1781-ஆம் ஆண்டிலேயே அவற்றைப் பதிவு செய்துவிட்டார். அம்மரங்களில் பெரும்பாலானவை பூக்கும் தாவரங்கள், உயிர்களின் வரலாற்றில் மிகவும் பிந்தி வந்தவை. புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூரை ஒட்டிய படிவுகளில் அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் ஓடுகள் கிடைக்கின்றன. டைனோசர்களின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த அவையும் சுமார் 7 கோடி ஆண்டுகளைத்தான் எட்டுகின்றன.

முதல் உயிர்களின் தடயத்தைத் தேட வேண்டுமானால் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே 348 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளில் ஸ்ட்ரோமடோலைட் எனப்படும் அடுக்கடுக்கான அமைப்புகள் இருக்கின்றன. ஆழமில்லாத நீரில் பாய்போலப் படர்ந்து வாழ்ந்த நுண்ணுயிர்கள் தம்மீது விழுந்த மணலையும் தாதுக்களையும் பிடித்துவைத்துக்கொண்டு, ஒளிக்காக மேலே மேலே வளர்ந்ததால் உண்டானவை அவை. இன்றும் அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் உயிருள்ள ஸ்ட்ரோமடோலைட்டுகளைக் காணலாம். இதைவிடப் பழைய தடயங்களும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. கிரீன்லாந்தின் 370 கோடி ஆண்டுப் பாறைகளில் ஸ்ட்ரோமடோலைட் இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. அவை பாறை நெளிந்ததால் உண்டான வடிவங்களே என்று 2018-இல் வேறொரு குழு மறுத்தது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் 410 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஒரு சிர்க்கான் படிகத்துக்குள் சிக்கியிருந்த கரித்துகள் உயிரிலிருந்து வந்திருக்கலாம் என்று 2015-இல் வெளியான கருத்தும் விவாதத்தில்தான் இருக்கிறது. தேர்வில் எழுத வேண்டுமென்றால் ‘குறைந்தது 348 கோடி ஆண்டுகள்’ என்று எழுதுங்கள். அந்த எண்ணை எவரும் எளிதில் குறைத்துவிட முடியாது, கூட்டத்தான் முடியும்.

கேள்வி: மில்லர் செய்த சோதனையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்தச் சோதனை செல்லாது என்று இப்போது என் பேரன் சொல்கிறான். உண்மை என்ன?
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மஞ்சக்குப்பம்

பதில்: ஐயா, சோதனை இன்றும் செல்லும், அதிலிருந்து பாடப்புத்தகங்கள் பெற்றுக்கொண்ட முடிவுதான் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. ஆக்சிஜன் இல்லாத தொடக்க காலப் பூமியில் ஒளியும் மின்னலும் எளிய வாயுக்களைக் கரிமச் சேர்மங்களாக்கியிருக்கும் என்ற கருத்தை ரஷ்யாவின் ஓபரின் 1924-இலும், அவரை அறியாமலேயே பிரிட்டனின் ஹால்டேன் 1929-இலும் எழுதினார்கள். (இந்த ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகவே 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார், நம் பாடங்களில் இச்செய்தி ஏன் ஒருவரியாகக்கூட இடம்பெறுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.) சிகாகோவில் ஹரால்டு யூரியின் மாணவராக இருந்த ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் சுற்றவிட்டு, மின்பொறியைத் தொடர்ந்து பாய்ச்சி, கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்களைப் பெற்று, அதன் முடிவை 1953-இல் வெளியிட்டார். அதுவரை தத்துவ விவாதமாக இருந்த ஒன்று அன்றைக்கு ஆய்வுக்கூட வேலையாக மாறியது.

உங்கள் பேரன் சொல்லக்கூடிய குறை இதுவாக இருக்கும்: அன்றைய காற்று மில்லர் கருதியதுபோல மீத்தேனும் அம்மோனியாவும் நிறைந்ததாக இருந்ததில்லை, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் நிறைந்ததாகவே இருந்தது என்று பின்னர் வந்த புவி வேதியியல் சொல்கிறது, அத்தகைய கலவையில் அமினோ அமிலங்கள் மிகக் குறைவாகவே உண்டாகின்றன. இந்தக் குறை நியாயமானது. ஆயினும் எரிமலை வாய்களைச் சுற்றியும், விண்கற்கள் மோதிய இடங்களிலும் ஹைட்ரஜன் மிகுந்த வாயுக்கள் சில காலம் இருந்திருக்கக் கூடும். மில்லர் எரிமலை வாயுவை மனத்தில் கொண்டு அமைத்திருந்த இன்னொரு கருவியின் பழைய குப்பிகளை, அவர் மறைந்த பிறகு 2008-இல் புதிய கருவிகளால் சோதித்தபோது, அவற்றில் 22 அமினோ அமிலங்கள் இருந்தது தெரியவந்தது. அவர் காலத்துக் கருவிகளால் அவற்றில் பலவற்றைக் கண்டறிய முடிந்திருக்கவில்லை. ஆகவே நீங்கள் மாணவர்களுக்குச் சொன்னதில் பிழையில்லை. செங்கல் தானாக உருவாகும் என்பதை அந்தச் சோதனை காட்டியது. வீட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி: டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். புரதத்தை உண்டாக்க டி.என்.ஏ. வேண்டும். இரண்டில் எது முதலில் வந்தது?
கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கக் கூடியது மூன்றாவதான ஆர்.என்.ஏ.வே என்று 1960-களின் பிற்பகுதியிலேயே கார்ல் வோஸ், பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் ஆகிய மூவரும் தனித்தனியாக எழுதினார்கள். டி.என்.ஏ.வைப் போலவே ஆர்.என்.ஏ.வும் எழுத்து வரிசையாகச் செய்தியைத் தாங்கும். அதே சமயம் அது ஒற்றை இழையாக இருப்பதால் மடிந்து சுருண்டு வடிவம் பெறவும் முடியும். வடிவம் இருந்தால் வேலையும் செய்ய முடியும். ஆனால் ஆர்.என்.ஏ. நொதியாகச் செயல்படுவதை எவரும் கண்டதில்லை என்பதால் பல ஆண்டுகள் அது வெறும் ஊகமாகவே நின்றது. தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1980-களின் தொடக்கத்தில் அதைக் கண்டார்கள். 1989-இல் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

இதைவிட வலுவான சான்று, நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் ரைபோசோம். புரதங்களைக் கோக்கும் அந்த இயந்திரம் ஆர்.என்.ஏ.வும் புரதமும் கலந்தது. அதன் அணு அமைப்பு 2000-இல் வெளியானபோது, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் மையத்தில் புரதமே இல்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே இருக்கிறது என்பது தெரிந்தது. ரைபோசோமின் இரண்டு கூறுகளில் பெரியதன் அமைப்பைக் கண்டு அதைக் காட்டியவர்கள் தாமஸ் ஸ்டைட்ஸின் குழுவினர். சிறிய கூறின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவர் உங்கள் ஊரில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இவ்விருவரும் ஆடா யோனத்தும் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். புரதத்தை ஆக்குவதே ஆர்.என்.ஏ. என்றால், புரதம் இல்லாத காலம் ஒன்று இருந்திருக்க முடியும் என்பது பெறப்படுகிறது.

அப்படியானால் ஆர்.என்.ஏ. எப்படி வந்தது? அங்கேதான் வேதியியலாளர்கள் நெடுங்காலம் திணறினார்கள். ஆர்.என்.ஏ. எழுத்தின் உறுப்புகளான சர்க்கரை, காரம் (எழுத்துக்கு எழுத்து மாறும் பகுதி), பாஸ்பேட் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் செய்து பிறகு இணைக்கப் பார்த்தால் சர்க்கரையும் காரமும் எளிதில் இணைவதில்லை. இங்கிலாந்தில் ஜான் சதர்லாந்தின் குழு 2009-இல் அந்த வழியையே கைவிட்டு, சர்க்கரையும் காரமும் முழுமையடைவதற்கு முன்பே, பாதி நிலையிலேயே ஒன்றாக வளரும்படி வினைகளை அமைத்து, ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டை உண்டாக்கிக் காட்டியது.

நான் வலியுறுத்த விரும்புவது இன்னொன்று. 1960-களில் சால் ஸ்பீகல்மன் ஒரு வைரசின் ஆர்.என்.ஏ.வையும், அதைப் படியெடுக்கும் நொதியையும், தேவையான மூலப்பொருள்களையும் சோதனைக் குழாயில் சேர்த்து, அதிலிருந்து ஒரு சொட்டை அடுத்த குழாய்க்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனார். 74 முறை மாற்றிய பிறகு, அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 விழுக்காட்டை இழந்து குறுகியிருந்தது. குழாய்க்குள் தொற்றவேண்டிய தேவை இல்லை; விரைவாகப் படியெடுக்கப்படுவது மட்டுமே பிழைப்பு. எனவே சுமையை உதறிய பிரதிகளே பெருகின. உயிரற்ற மூலக்கூறுகளுக்குள் இயற்கைத் தேர்வு நடந்துவிட்டது! உயிரின் தொடக்கம் என்று எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டால், படியெடுத்தல், அதில் சிறு பிழை, பிழைகளுக்குள் போட்டி என்ற மூன்றும் முதன்முதலில் ஒன்றுகூடிய கட்டத்தைத்தான் சொல்வேன். அதற்கு முன்னே நிகழ்ந்தது வேதியியல். அதன் பின்னே நிகழ்ந்தது பரிணாமம். ஸ்பீகல்மன் சோதனையில் நொதியை வைரசிடமிருந்து கடன் வாங்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. புரத நொதியின் உதவியின்றி ஆர்.என்.ஏ.வே ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் முயற்சியில் ஜெரால்டு ஜாய்ஸின் குழு 2024-இல் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் காட்டியது: ஓர் ஆர்.என்.ஏ. நொதி, செயல்படும் வேறொரு சிறிய ஆர்.என்.ஏ.வைப் பல தலைமுறைகள் படியெடுத்தது. பிரதிகளுக்குள் தேர்வும் நிகழ்ந்தது. தன்னைத் தானே முழுமையாகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. அன்று கைக்கு எட்டவில்லை.

கேள்வி: 100 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் தற்செயலாக அமையும் வாய்ப்பு, 1-க்குப் பின் 130 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒன்று என்று கணக்கிட்டேன். உலகத்தின் ஆயுள் முழுவதும் முயன்றாலும் நடக்காது அல்லவா?
பொறியாளர், நெய்வேலி

பதில்: கணக்கு சரி, கேள்வி சரியில்லை. குறிப்பிட்ட ஒரே ஒரு புரதம் முன்கூட்டியே இலக்காக வைக்கப்பட்டு, அது ஒரே வீச்சில் அமைய வேண்டும் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். இயற்கைக்கு அத்தகைய இலக்கு கிடையாது. ஏதேனும் ஒரு வேலையைச் சுமாராகச் செய்யும் எந்தப் புரதமும் தொடக்கத்துக்குப் போதும். அப்படிப்பட்டவை எவ்வளவு அரிதானவை என்பதை ஆய்வுக்கூடத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்தோனி கீஃபும் ஜாக் ஷோஸ்டாக்கும் 2001-இல், 80 அமினோ அமிலங்களைக் கண்மூடித்தனமாகக் கோத்த சுமார் 6 லட்சம் கோடிப் புரதங்களை உண்டாக்கி, அவற்றில் எவை, செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏ.டி.பி. மூலக்கூறைப் பற்றிக்கொள்கின்றன என்று சலித்தெடுத்தார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு வகைகள் அகப்பட்டன. அவர்கள் மதிப்பீட்டின்படி சுமார் 10,000 கோடிக்கு ஒன்று பயனுள்ளது. அது அரிதுதான். ஆனால் ஒரு சிறு குழாய்க்குள்ளேயே அகப்படக் கூடிய அரிது. உங்கள் 130 சுழியங்களோடு ஒப்பிடவே முடியாது. அப்படி ஒன்று அகப்பட்டபின் மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியதில்லை; அதன் பிரதிகளில் சற்றே மேலானவை நிலைக்கும். உங்கள் கணக்கில் விடுபட்டது அந்தத் தேர்வுதான்.

கேள்வி: உயிர் கடலின் ஆழத்தில் தோன்றியதா, கரையிலிருந்த குட்டையிலா? இரண்டையும் படித்துக் குழம்பிவிட்டேன்.
வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஆய்வாளர்களும் இரண்டு அணியாகத்தான் இருக்கிறார்கள். காலாபகஸ் தீவுகளுக்கு அருகே 1977-இல் கடலடி வெந்நீர் ஊற்றுகளும், அவற்றைச் சுற்றிச் சூரிய ஒளியை நேரடியாக நம்பாத உயிர்க்கூட்டமும் கண்டறியப்பட்டன. அதன்பின் 2000-இல் அட்லாண்டிக் கடலில் காணப்பட்ட ‘லாஸ்ட் சிட்டி’ என்ற இடத்தில், வெந்நீர் கக்கும் வெண்ணிறச் சுண்ணக் கோபுரங்கள் 60 மீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கின்றன. அங்கே வெளிவரும் நீர் காரத்தன்மை மிகுந்தது. தொடக்க காலக் கடலோ சற்றே அமிலத்தன்மை கொண்டது. இவ்விரண்டுக்கும் இடையில் மெல்லிய கனிமச் சுவர் மட்டுமே நிற்கும்போது, சுவரின் இருபுறமும் புரோட்டான் அளவில் வேறுபாடு தானாகவே நிலவும். இன்றைக்கு வாழும் செல்கள் அனைத்தும் சவ்வின் இருபுறமும் ஏறக்குறைய இதே வகையான வேறுபாட்டை உண்டாக்கித்தான் ஆற்றலைப் பெறுகின்றன. இந்த ஒற்றுமைதான் கடலடி அணியின் வலிமை.

மறு அணி, தண்ணீரே பிரச்சினை என்கிறது. ஆர்.என்.ஏ.வானாலும் புரதமானாலும், கண்ணிகள் இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீர் இருந்தால் இணைவதைவிட அறுந்து போவதே எளிது. எரிமலைப் பகுதிகளின் வெந்நீர்க் குட்டைகள் காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி வருவதால், காயும்போது சங்கிலிகள் நீள்கின்றன, நனையும்போது கொழுப்பு மூலக்கூறுகள் குமிழிகளாகச் சுருண்டு அவற்றை உள்ளே பொதிந்துகொள்கின்றன என்பதை டேவிட் டீமர் முதலியோர் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு வாதமும் இருக்கிறது: கடல்நீரில் பொட்டாசியத்தைவிடச் சோடியம் பல மடங்கு மிகுதி, ஆனால் எல்லாச் செல்களின் உட்புறத்திலும் பொட்டாசியமே மிகுதி. கடலில் பிறந்த செல் ஏன் கடலுக்கு நேர்மாறான உப்பைச் சுமக்க வேண்டும் என்று 2012-இல் முல்கிஜானியனும் அவருடைய கூட்டாளிகளும் கேட்ட கேள்விக்கு முழுமையான பதில் இன்னும் வரவில்லை. என் சாய்வு குட்டையின் பக்கம்தான், முக்கியமாகக் காய்தல் என்ற அந்த ஒரு காரணத்துக்காக. கடற்கரையில் வாழும் உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

கேள்வி: உயிர் ஒருமுறை தானாகத் தோன்றியது என்றால், இன்றும் ஏன் சேற்றிலிருந்து புதிதாகத் தோன்றுவதில்லை?
வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சேற்றிலும் அழுகலிலும் உயிர்கள் தாமாகப் பிறக்கின்றன என்றுதான் உலகமெங்கும் நம்பியிருந்தார்கள். இறைச்சியை மூடி வைத்தால் புழு வருவதில்லை என்பதை இத்தாலியின் ரெடி 1668-இல் காட்டினார். நுண்ணுயிர்களும் தாமாக வருவதில்லை என்பதை 1860-களின் தொடக்கத்தில் வளைகழுத்துக் குடுவைகளால் பாஸ்டர் மெய்ப்பித்தார். உங்கள் கேள்விக்கு டார்வின் 1871-இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே பதில் சொல்லிவிட்டார்: இன்று ஏதேனும் ஒரு வெதுவெதுப்பான குட்டையில் புரதம் போன்ற சேர்மம் உண்டானாலும், அது அடுத்த கட்டத்தை எட்டுவதற்குள் அங்கே இருக்கும் உயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். தின்பவர்கள் இல்லாவிட்டாலும், இன்றைய காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை விட்டுவைக்காது.

கேள்வி: பிச்சாவரத்தில் படகோட்டும்போது துடுப்பு சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். பூமியின் ஆதிக் கிருமிகள் அங்கேதான் இருக்கின்றன என்று சுற்றுலா வந்த ஒருவர் சொன்னார். அப்படியா?
படகு ஓட்டுபவர், கிள்ளை

பதில்: அந்த மனிதர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. அலையாத்திக் காட்டின் சேற்றில் சில அங்குல ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அதனால்தான் அங்குள்ள மரங்கள் மூச்சுவேர்களை மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சேற்றில் கடல்நீரின் சல்பேட்டை ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்களும், மீத்தேனை வெளியிடும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. பூமியின் வரலாற்றில் ஏறத்தாழ முதல் பாதி முழுவதும் காற்றில் ஆக்சிஜன் இல்லாததால், அன்றைய உயிர்கள் அனைத்தும் இப்படிப்பட்ட முறைகளில்தான் வாழ்ந்தன. அந்த வாழ்க்கை முறை பழையது என்பதில் ஐயமில்லை. ஆனால் கிருமிகளே பழையவை அல்ல. அவையும் நம்மைப் போலவே இத்தனை கோடி ஆண்டுகள் பரிணமித்து வந்தவைதாம்.

நிலைமையை மாற்றியவை சயனோபாக்டீரியாக்கள். நீரைப் பிளந்து ஒளிச்சேர்க்கை செய்ய அவை கற்றுக்கொண்டபோது ஆக்சிஜன் கழிவாக வெளியேறியது. முதலில் அதைக் கடலில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் உறிஞ்சிக்கொண்டன. இரும்பு துருவாகிக் கடலடியில் படிந்தது. சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத் தாது, தொல்பழங்காலக் கடலில் இரும்பும் சிலிக்காவும் பட்டை பட்டையாகப் படிந்து பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய வகையைச் சேர்ந்தது. உறிஞ்சுவதற்கு ஆளில்லாத நிலை வந்தபின், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆக்சிஜன் காற்றில் நிலைக்கத் தொடங்கியது. அதுவரை வாழ்ந்த பல உயிர்களுக்கு அது நஞ்சு. தப்பியவற்றின் வழிவந்தவை காற்றுப் புகாத இடங்களில் ஒதுங்கின. உங்கள் துடுப்பு கிளறுவது அப்படிப்பட்ட ஓர் இடத்தைத்தான். மாட்டின் வயிறும் அத்தகைய இடமே.

கேள்வி: எல்லா உயிர்களும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதை நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள்?
வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. அங்குள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் பதிப்பாசிரியருக்கு அந்தக் கேடுதான் துப்பு: ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்ட இரண்டு சுவடிகள், அந்தப் பிழையைச் செய்த ஒரு மூலச் சுவடியிலிருந்து இறங்கியவை என்று அவர் முடிவு செய்கிறார். உயிர்களிடமும் இதையே செய்கிறார்கள். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தாமே உற்பத்தி செய்கின்றன. அதற்கான மரபணு மனிதரிடமும் குரங்குகளிடமும் உடைந்துபோய், ஆனாலும் அழியாமல் கிடக்கிறது. பயனற்ற ஒன்று பல உயிர்களிடம் ஒத்த விதத்தில் கெட்டிருப்பதற்குப் பொது மூதாதை தவிர வேறு நல்ல விளக்கம் கிடையாது.

எல்லா உயிர்களுக்கும் பொதுவானவற்றைத் தேடினால் மரபுக் குறியீடும், ரைபோசோமும், கண்ணாடி பிம்பங்களைப் போன்ற இரு வடிவங்களில் ஒன்றான இடக்கைப் பக்க அமினோ அமிலங்களும் கிடைக்கின்றன. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளை ஒப்பிட்டே கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல், பாக்டீரியா என்று எண்ணப்பட்டிருந்த கூட்டத்துக்குள் ஆர்க்கியா என்ற தனிப் பெரும்பிரிவு மறைந்திருப்பதைக் கண்டார்கள். மரக்காணம் போன்ற இடங்களின் உப்பளங்களில், உப்பு செறிந்த பாத்திகளின் நீர் செம்மை படர்ந்து தெரிவதுண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களே. பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் பிரிவதற்கு முந்தைய கடைசிப் பொது மூதாதை சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது என்றும், சுமார் 2,600 புரதங்களுக்கான மரபணுக்கள் அதனிடம் இருந்தன என்றும் 2024-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கால மதிப்பீட்டை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். பாறையில் அதற்கு நேரான சான்று இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த மூதாதை முதல் உயிர் அன்று, தன் காலத்தில் தனித்து வாழ்ந்ததும் அன்று. அதனோடு வாழ்ந்த மற்றவற்றின் வழி இன்றுவரை நீடிக்கவில்லை, அவ்வளவே.

கேள்வி: உயிர் விண்கல்லில் வந்தது என்கிறார்களே?
வாசகர், காலாப்பட்டு

பதில்: உயிர் வந்ததற்குச் சான்றில்லை, மூலப்பொருள்கள் வந்ததற்கு நிறையவே உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் விண்ணிலேயே உருவான அமினோ அமிலங்கள் இருப்பதை முதலில் காட்டிய குழுவின் தலைவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்து, மதராஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர் அவர். பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா 2023-இல் கொண்டுவந்த மண்ணில், புரதங்களில் பயன்படும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், டி.என்.ஏ.விலும் ஆர்.என்.ஏ.விலும் உள்ள ஐந்து காரங்களும் இருந்தன. உயிரே வேறு கோளிலிருந்து வந்தது என்றால், அங்கே எப்படித் தோன்றியது என்று மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் உலகில் நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன என்கிறார்கள். சிக்கலான உயிர்கள் வர ஏன் இவ்வளவு தாமதம்?
வாசகி, வில்லியனூர்

பதில்: விலங்குகள் என்று கொண்டால் நீங்கள் சொல்வது ஏறத்தாழ சரி, 60 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அவற்றின் தெளிவான எச்சங்கள் இல்லை. ஆனால் தாமதமான இடம் அதற்கு முன்பே இருக்கிறது. உட்கரு உடைய பெரிய செல், அதாவது நம் செல்லின் மூதாதை, ஒரே ஒருமுறைதான் உருவாகி நிலைத்திருக்கிறது. ஆர்க்கியா வகைச் செல் ஒன்றுக்குள் பாக்டீரியா ஒன்று குடியேறி, செரிக்கப்படாமல் பிழைத்து, நாளடைவில் மைட்டோகாண்ட்ரியாவாக மாறியது. பின்னொரு சமயம் சயனோபாக்டீரியா ஒன்று அதேபோல் நுழைந்து பசுங்கணிகமானது. 1967-இல் லின் மார்குலிஸ் இதை விரிவாக வாதிட்டபோது பலரும் ஏற்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமான டி.என்.ஏ.வின் எழுத்துகள் பாக்டீரியாவோடு ஒத்துப்போனதைக் கண்டபின் ஏற்றுக்கொண்டார்கள். குடிவைத்த செல்லின் உறவினமான அஸ்கார்டு ஆர்க்கியாக்களின் மரபணுக்கள் ஆர்க்டிக் கடலடிச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டு 2015-இல் அடையாளம் காணப்பட்டன. அவ்வினத்தில் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்க ஜப்பானிய ஆய்வாளர்களுக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. அது தனியே வளர மறுத்து, மீத்தேன் உண்டாக்கும் இன்னோர் உயிரோடு சேர்த்து வைத்தால்தான் வளர்ந்தது. இந்தச் சார்புதான் பழைய இணைப்பின் காரணத்தைக் காட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இணைப்பு நடந்த காலத்துக்கு எல்லை வகுப்பதில் இந்தியப் பாறைகளுக்கும் பங்குண்டு: சித்திரகூடத்தில் கிடைத்த, செம்பாசியை ஒத்த 160 கோடி ஆண்டுப் படிமங்கள் 2017-இல் விவரிக்கப்பட்டன. அவை உண்மையிலேயே செம்பாசிகள்தாம் என்றால், பசுங்கணிகமும் அதற்குள் வந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் செயற்கை உயிரை உருவாக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்ததே?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கிரெய்க் வென்டரின் நிறுவனம் 2010-இல் ஒரு பாக்டீரியாவின் முழு டி.என்.ஏ.வையும் வேதியியல் முறையில் தயாரித்து, வேறொரு பாக்டீரியாவின் செல்லுக்குள் வைத்து இயக்கியது. செல் பழையது, அதன் சவ்வும் ரைபோசோமும் முன்னோர்களிடமிருந்து அப்படியே வந்தவை. எனவே அதை உயிரின் தோற்றம் என்று சொல்ல முடியாது. 2016-இல் அதே குழு, வாழ்வதற்கு அவசியமில்லாதவற்றை நீக்கி 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட செல்லை உண்டாக்கியது. அவற்றில் 149 என்ன வேலை செய்கின்றன என்பது அதை உண்டாக்கியவர்களுக்கே அன்று தெரிந்திருக்கவில்லை.